மரத்தடியில பால் வடியுற காளான்: கேட்டவங்களுக்கு என் பதில்

கேமரன் மலை போன தம்பி: மெம்பெனிங் மரத்தடியில பழுப்புக் கலர் காளான், உடைச்சா வெள்ளைப் பால் வருது. மில்க்கேப்தானே அண்ணே?

பால் வந்துச்சுன்னா பெரும்பாலும் லாக்டேரியஸ் இல்லன்னா லாக்டிஃப்ளூவஸ்தான் தம்பி, ரெண்டுமே மில்க்கேப் இனம்தான். மெம்பெனிங்கும் ஓக் குடும்பம்தான், இந்தக் காளான் அதோட வேரைப் பிடிச்சு வாழுது, மரம் சர்க்கரை கொடுக்க காளான் மண்ணுல இருக்கிற சத்தை உறிஞ்சிக் கொடுக்கும், அதனாலதான் எந்த மரத்தடின்னு எல்லார்கிட்டயும் முதல்ல கேக்கறேன். குடைக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்கிற செவுளைக் கத்தியால கீறி, வர்ற பாலை வெள்ளை டிஷ்யூல ஒத்தி கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க. மஞ்சளாகுதா, பழுப்பாகுதா, வெள்ளையாவே நிக்குதா? பழுப்பாகி கையில மீன் கவிச்சி அடிச்சா வோலேமஸ்ங்கற மில்க்கேப் வகையறா. தண்டு சாக்பீஸ் மாதிரி டப்புன்னு ஒடியணும், நார் நாரா கிழிஞ்சா வேற குடும்பம். காஞ்ச காளான்ல பால் வராது, புதுசா பறிச்சுப் பாருங்க. மண்ணுக்குள்ள இருக்கிற அடித்தண்டையும் சேர்த்துத் தோண்டி எடுங்க. குடையோட மேல்பக்கப் போட்டோவ மட்டும் வச்சு நான் பேர் சொல்ல மாட்டேன்.

கிள்ளான் அக்கா: மகன் இங்கிலாந்துல படிக்கிறான், ஓக் மரத்தடியில பால் வர்ற காளான், எண்ணெய் வாசமாம். சமைக்கலாமான்னு கேக்கறான்.

குயட்டஸ்ங்கற மில்க்கேப்பா இருக்கலாம் அக்கா, அங்க ஓக் அடியில அது சர்வ சாதாரணம். ஆனா பால் மஞ்சளாகிற கிரைசோரியஸ்ங்கற இன்னொரு மில்க்கேப்பும் அதே ஓக் அடியிலதான் வரும், ஆளைக் கொல்ற டெத் கேப் காளானும் அங்கதான், அதுக்குப் பால் இல்ல, வெள்ளைச் செவுள், தண்டடியில பை. சமைக்க வேணாம்னு சொல்லுங்க.

செந்தூல்: புலிப்பால் காளானும் இதும் ஒன்னா?

இல்ல. புலிப்பால் காளான்ல, அதான் மலாய்ல சூசு ரிமாவ், மண்ணுக்கடியில இருக்கிற கிழங்கத்தான் இருமலுக்கு எடுப்பாங்க, அதுக்குச் செவுளே கிடையாது.

ஜோர்ஜ்டவுன்: இந்தப் போட்டோவப் பாத்து திங்கலாமா சொல்லுங்க.

மேல்பக்கப் போட்டோ. முதல் பதிலப் படிங்க.

பட்டர்வொர்த் ஐயா: எங்க பாட்டி மஞ்சளும் வெள்ளிக்காசும் போட்டு வேக வைப்பாங்க, கறுத்தா விஷம். நாங்க எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?

ஐயா, மன்னிக்கணும், இத நான் விட மாட்டேன். வெள்ளி கறுக்கிறது கந்தகத்தால, டெத் கேப் விஷத்துக்கு அது கறுக்காது, கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது. உங்களக் காப்பாத்துனது காசு இல்ல, பாட்டியோட கண்ணு. அவங்க தெரிஞ்ச புத்துல தெரிஞ்ச காளானத்தான் பறிச்சிருப்பாங்க.

பட்டர்வொர்த் ஐயா: அப்ப நத்தை கடிச்ச காளான்?

நத்தை டெத் கேப்பையும் தின்னும் ஐயா, அதுக்கு ஒன்னும் ஆகாது, நமக்கு ஆகும்.

செராஸ்: வெள்ளிக்காசு டெஸ்ட் பத்தி...

மேல இருக்கு லா.

சுங்கை பட்டாணி: புல்வெளியில பறிச்ச வெள்ளைக் காளான் நேத்து ராத்திரி தின்னோம், எல்லாரும் வாந்தி எடுத்தோம், இப்ப பரவால்ல. விட்டுடலாமா?

விடாதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. புல்வெளியில பச்சை ஸ்போர் (விதை மாதிரி தூள்) விடற குளோரோஃபில்லம் காளான்னா சாப்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி வந்திருக்கும். ஆறு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சிருந்தா டெத் கேப் மாதிரி விஷமா இருக்கலாம், அதுதான் பயம், நடுவுல ஒரு நாள் தேறின மாதிரி இருக்கும், அதுக்குள்ள ஈரல் கெட்டுட்டு இருக்கும். மிச்சக் காளானைக் காகிதப் பையில கொண்டு போங்க, பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்துல இருக்கிற தேசிய நச்சு மையத்துக்கிட்ட பேசச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. எத்தன மணிக்கு சாப்டீங்க, எத்தன மணிக்கு வாந்தி, எழுதி வச்சுக்கங்க.