மூன்று நாள் விட்டுப்போன க்ளோசபின்: பழைய டோஸையே கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஐந்து வருடமாக க்ளோசபின் மாத்திரை சாப்பிடுகிறான். காலையில் 100, ராத்திரி 200. திருவனந்தபுரத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். செவ்வாய் ராத்திரியோடு மாத்திரை தீர்ந்துவிட்டது. புதன்கிழமை அங்கே ஹர்த்தால், பஸ் இல்லை. வியாழன் போனால் ஸ்டாக் இல்லை என்றார்கள். வெள்ளி சாயங்காலம்தான் பாறசாலையில் ஒருவர் வாங்கித் தந்தார். "வழக்கம்போலக் கொடுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார். ரத்தப் பரிசோதனையும் இனி வேண்டாமாம், அமெரிக்காவிலேயே அந்த விதியை எடுத்துவிட்டார்களாம். இன்று ராத்திரி 200 கொடுக்கலாமா? கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுகிறான், பீடியையும் விடப்போகிறேன் என்கிறான். அதற்காக மாத்திரையில் ஏதாவது மாற்ற வேண்டுமா?
(வாசகி, கொல்லங்கோடு)

பதில்: இந்த வாசகிக்குக் கடிதம் கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டேன். களியக்காவிளையிலிருந்து செங்கோட்டை வரை இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் பல என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

200 கொடுக்காதீர்கள். 100-உம் வேண்டாம். மருத்துவரிடம் பேசும்வரை க்ளோசபினில் ஒரு துண்டுகூடக் கொடுக்க வேண்டாம்.

க்ளோசபினுக்கு 48 மணி நேரக் கணக்கு ஒன்று உண்டு. கடைசியாக விழுங்கிய மாத்திரையிலிருந்து இரண்டு நாள் தாண்டிவிட்டால், எத்தனை வருடம் சாப்பிட்டவராக இருந்தாலும் மறுபடி அடியிலிருந்துதான் ஏற வேண்டும். வழக்கமாக 12.5 மில்லிகிராம், அதாவது 25 மாத்திரையில் பாதி. தாங்குகிறாரா என்று பார்த்து மருத்துவர் ஏற்றிக்கொண்டு போவார். முன்பே பழகியவர் என்பதால் முதல் தடவையைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஏற்றலாம். ஆனால் அந்த வேகத்தை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ கடைக்காரரோ இல்லை.

"ஐந்து வருடமாகச் சாப்பிட்டவனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கும். தினமும் சாப்பிடும்போது உடம்பு அதைச் சமாளிக்கப் பழகியிருக்கும். இரண்டு மூன்று நாள் இல்லாமல் போனால் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. அப்புறம் திடீரென்று 200 உள்ளே போனால், ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவர் குளியலறை வாசலில் விழுவார். சிலருக்கு வலிப்பு வரும். மிகச் சிலருக்கு இதயத் துடிப்பும் மூச்சும் தடுமாறும். உங்கள் தம்பி செவ்வாய் ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டிருந்தால் வெள்ளி சாயங்காலம் ஏறக்குறைய 70 மணி நேரம். கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

ஒரு நாள் மட்டும் தவறியிருந்தால் கதை வேறு. 48 மணிக்குள் என்றால் வழக்கமான டோஸ்தான், விட்டதைச் சேர்த்து இரட்டையாகக் கொடுக்காமல்.

அவருக்குப் பார்க்கும் மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் 14416-க்கு அடியுங்கள். டெலி மனாஸ், 2022-இல் தொடங்கிய அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். "க்ளோசபின், 300 மில்லிகிராம், மூன்று நாளாக இல்லை" என்று இந்த மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்த நாட்களில் தம்பிக்குத் தூக்கம் கெடலாம், வியர்க்கலாம், குமட்டலாம். மருந்து சட்டென்று நின்றதால் வருவது இது. பயம், சந்தேகம், தனக்குத்தானே பேசுவது திரும்பினாலோ, அடித்துக்கொண்டாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மறுபடி தொடங்கும் முதல் சில நாள் தனியாகப் படுக்க விடாதீர்கள். பைக் எடுக்க வேண்டாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

சரி, இப்போது அந்தப் பாறசாலைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இவரைப் போன்றவர்களை எல்லையோரத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓ.பி. வரிசைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஜெராக்ஸ் சீட்டுக் கட்டு இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு வீட்டுடையது. கமிஷன் வாங்கிக்கொண்டு கடையில் எடுத்து வந்து தருவார்கள். உதவிதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வாங்கி வந்ததைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முழு அட்டையாக இருக்காது. பத்து மாத்திரை அட்டையை நான்கும் ஆறுமாக வெட்டி, பழுப்புக் கவரில் போட்டு, மேலே பேனாவால் "கா 1, இ 2" என்று எழுதியிருக்கும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான ஓரம் யாரிடமோ போயிருக்கும். அந்தத் துண்டில் 25 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என்பதே பல சமயம் தெரியாது. இன்றைக்கு உங்கள் தம்பிக்கு வேண்டியது 25-இல் பாதி. 100 மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் நான்கு மடங்கு.

இன்னொரு விபத்தும் நடக்கிறது. க்ளோசபின் கேட்டால் க்ளோனசிபாம் வருகிறது. அது பதற்றத்துக்கும் வலிப்புக்கும் தரும் வேறு மருந்து. அவசரத்தில், போனில், மலையாளமும் தமிழும் கலந்து பெயர் சொன்னால் கடைப் பையன் காதில் விழுவது எதுவோ அதுதான் கவருக்குள் போகும். க்ளோனசிபாமைச் சாப்பிட்டவர் நன்றாகத் தூங்குவார். வீட்டில் உள்ளவர்களும் மருந்து வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். பத்து நாள் கழித்து நோய் முழு வேகத்தில் திரும்பும்போதுதான் விஷயம் தெரியவரும்.

அதனால் கவரில் வந்த மாத்திரையை ஓரமாக வையுங்கள். அட்டை முழுசாக, பெயரும் மில்லிகிராமும் தேதியும் படிக்கும்படியாக, பில்லோடு வாங்குங்கள். பில் கேட்டால் முறைக்கிற ஆள் உங்களுக்கு வேண்டாம். கம்பெனி மாறினால் பயப்பட வேண்டியதில்லை. மருந்தின் பெயரும் மில்லிகிராமும் சரியாக இருந்தால் போதும்.

பாறசாலைக்கே போக வேண்டிய அவசியமும் இல்லை. இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் எழுதிய சீட்டு எந்த மாநில மருந்துக் கடையிலும் செல்லும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கேரளச் சீட்டைக் காட்டி வாங்கலாம். "இது அங்கத்த சீட்டு" என்று திருப்பி அனுப்பும் கடைக்காரருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது ஸ்டாக் இல்லை என்று சொல்ல மனமில்லை.

அரசு மருத்துவமனைகள் கதை இன்னும் மோசம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்து 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய நல மையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு இடங்களிலும், எப்போதும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது அதன் பொருள். க்ளோசபின் தேசியப் பட்டியலில் இருக்கும் மருந்துதான். ஆனால் கவுன்டரில் முதலில் கேட்பது "எந்த மாநில அட்டை?" அங்கே ஸ்டாக் இல்லை, இங்கே "அங்கேயே வாங்கிக்குங்க." இரண்டுக்கும் நடுவில் நோயாளி 70 மணி நேரம் மாத்திரை இல்லாமல் இருக்கிறார். அந்தப் பாறசாலைக்காரர் பிழைப்பு நடத்துவது இந்த இடைவெளியில்தான். இன்டென்ட் (மருந்து கேட்டு மேலே அனுப்பும் சீட்டு) போட்டாயிற்று, வரும்போது வரும் என்று எத்தனை முறை சொல்வீர்கள்? பாராசிட்டமால் ஒரு வாரம் தாமதமானால் தலைவலிதான். க்ளோசபின் அப்படிப்பட்ட மருந்து இல்லை என்பது ஸ்டோரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு உங்களால் முடிந்தது: ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தம்பி பெயரில் ஒரு ஓ.பி. சீட்டு போட்டு வையுங்கள். திருவனந்தபுரம் மருத்துவரை விட வேண்டாம், அவருடைய குறிப்புகளின் நகலை எடுத்துப் போங்கள். இரண்டாவது வாசல் ஒன்று திறந்திருக்கட்டும். வீட்டில் பத்து நாள் மாத்திரை தனி டப்பாவில் எப்போதும் இருக்க வேண்டும். புதிதாக வாங்கியதை டப்பாவில் போட்டு, டப்பாவில் இருந்ததை எடுத்துச் சாப்பிட வைத்தால் காலாவதி ஆகாது.

அப்புறம், அமெரிக்கா. அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தாகிறது. க்ளோசபின் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுவை அடியோடு குறைத்துவிடும். 1975-இல் பின்லாந்தில் இப்படி எட்டுப் பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். வேறு எந்த மருந்துக்கும் கேட்காத நோயாளிகளுக்கு இது கேட்கிறது என்று தெளிவானதும், ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு 1989-இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டைப் பதிவு செய்தால்தான் கடையில் மாத்திரை தருவார்கள் என்ற ஏற்பாடு அங்கே நெடுநாள் இருந்தது. 2025-இல் அந்தக் கட்டாயப் பதிவை எடுத்துவிட்டார்கள். காகித வேலையில் சிக்கி நோயாளிகள் மருந்தில்லாமல் போனார்கள் என்பதே காரணம். பரிசோதனை செய்யுங்கள் என்ற அறிவுரை அப்படியேதான் இருக்கிறது.

வருடக்கணக்கில் நன்றாக இருப்பவருக்கும் மாதாமாதம் ஊசி குத்த வேண்டுமா என்று எங்கள் துறைக்குள் வாக்குவாதம் நடக்கிறது. ஆபத்து அதிகம் முதல் 18 வாரத்தில்தான் என்பதும் உண்மை. தளர்த்தலாம் என்கிற பக்கம்தான் நானும். ஆனால் அதைத் தீர்மானிப்பது மருத்துவர், கவர்க்காரர் இல்லை. பரவலான வழக்கம், முதல் 18 வாரம் வாரம் ஒரு முறை, ஒரு வருடம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. உங்கள் மருத்துவர் மாற்றிச் சொல்லும்வரை அதுவே இருக்கட்டும். லேபில் மொத்த வெள்ளை அணுவோடு, அதில் ஒரு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கையும் கேட்டு வாங்குங்கள். அது 1500-க்குக் கீழே போனால் அன்றே மருத்துவர். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் மாதக் கணக்குப் பார்க்காமல் அதே நாளில் ரத்தம் கொடுங்கள். "ஆளே வர வேண்டாம், ரிப்போர்ட் நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கையில் ஊசி குத்தாமல் வந்த ரிப்போர்ட் யாருடைய ரத்தம் என்று கேளுங்கள்.

மலச்சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்தில் அது குடலையே அடைக்கும் அளவுக்குப் போகக்கூடியது. மூன்று நாள் போகவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக மாலை. மருந்தளவைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அது பீடி. பீடி, சிகரெட் புகையில் உள்ள தார், கல்லீரல் க்ளோசபினைச் சீக்கிரம் எரித்துத் தள்ளும்படி செய்கிறது. அதனால் புகைக்கிறவருக்கு டோஸ் கூடுதலாக வேண்டியிருக்கும். மாலை போட்ட அன்று பீடியை விட்டால், ஒரு வாரத்துக்குள் அந்த எரிப்பு தணிந்து அதே மாத்திரையில் ரத்தத்தில் மருந்து ஏறத் தொடங்கும். பாதி அளவு கூடலாம், சிலருக்கு அதற்கும் மேல். அதிகத் தூக்கம், எச்சில் ஒழுகல், தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். நிகோட்டினுக்கு இதில் பங்கில்லை. வெற்றிலைப் பாக்கில் புகையிலை வைத்து மெல்கிறவர் அதை விட்டால் மாத்திரையில் எதுவும் மாறாது. பீடியை விட்டு நிகோட்டின் சூயிங்கம் மெல்கிறவரும் பீடியை விட்டவர்தான். காரணம் புகை. தினம் இரண்டு பீடி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டுக் கட்டாக ஊதுகிறவர் என்றால் மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார்.

41 நாள் முடிந்து மாலையைக் கழற்றியதும் மறுபடி பீடி பற்றவைத்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். மருந்து இறங்கும், காதில் குரல்கள் திரும்பும். தை மாதத்தில் எங்களிடம் கூட்டி வரப்படும் சிலருக்கு நடந்தது இதுதான். "விரதம் இருந்தும் சாமி கைவிட்டுட்டாரே" என்று அம்மாக்கள் அழுவார்கள். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை, கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை என்று மருத்துவரிடம் சொன்னாலே போதும். பீடியை ஒரேயடியாக விட்டுவிட்டால் இன்னும் நல்லது. இப்போது அடியிலிருந்து டோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரம் என்பதால், கார்த்திகைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும் என்று மருத்துவரை அவசரப்படுத்த வேண்டாம். பீடி இல்லாமல் அந்த 300-ஏ தேவைப்படாமலும் போகலாம்.

மலைக்குப் போகும்போது மாத்திரையை இருமுடிக்குள் கட்டிவிடாதீர்கள். அதைச் சன்னிதானத்தில்தான் அவிழ்ப்பார்கள், கூட்ட நாளில் வரிசையிலேயே ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போய்விடும். நான்கு நாள் அட்டை அவருடைய தோள்பையில், நான்கு நாள் அட்டை குருசாமி கையில். குருசாமியிடம் 48 மணி கணக்கையும் சொல்லி அனுப்புங்கள்.