பிள்ளைகள் இல்லாத தீவைக் காலண்டரில் தேடுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வயது 36, கிளினிக்கில் வேலை. 8 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட தனியாக எங்கும் போனதில்லை. அக்காவுடன் ஏதாவது ஒரு தீவில் இரண்டு இரவு தங்கி, நன்றாகத் தூங்கிவிட்டு வர ஆசை. மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் சத்தமே இல்லாத ரிசார்ட் எங்கே இருக்கிறது? என்னிடம் மைவி கார் உண்டு.

பதில்: மாமியாரே சம்மதித்துவிட்டார் என்றால் பாதி வேலை முடிந்தது. மீதியைப் பார்ப்போம்.

'பெரியவர்களுக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் நம் மலேசியாவில் குறைவு, விலையும் கூட. அந்த வாசகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். சில இடங்களில் ஒரு நீச்சல் குளம் மட்டும்தான் பெரியவர்களுக்கு. சில இடங்களில் 12 வயதைத் தாண்டினாலே பெரியவர் கணக்கு. நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அமைதி, அமைதி என்று எழுதியிருந்த ஓர் இடத்துக்கு டிசம்பரில் போய் இறங்கினால், குளம் முழுக்க மிதவை வளையங்கள். இரண்டு நாளும் "அம்மா, இங்க பாரு" என்ற குரல்தான். யாரோ பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கும் கழுத்து நமக்கு!

அதனால் விடுதியைத் தேடுவதற்கு முன் நாளைத் தேடுங்கள். பள்ளி நடக்கும் வாரத்தில், ஞாயிறு மதியம் கிளம்பி செவ்வாய் திரும்புங்கள். வார இறுதிக்கு வந்த குடும்பங்கள் ஞாயிறு மதியம் மூட்டை கட்டிக்கொண்டு தீவை விட்டு வரும் நேரம், நீங்கள் எதிர்த்திசையில் காலி ஃபெரியில் போவீர்கள். அறை விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். உங்களுக்குச் செலவாகும் லீவு இரண்டே நாள். வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு வருடம் வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 12 நாள், ஐந்து வருடம் ஆகிவிட்டால் 16 நாள். அதில் இரண்டை உங்களுக்காக எடுப்பதற்குத் தயங்காதீர்கள். பிள்ளைகளுக்கும் திங்கள், செவ்வாய் பள்ளி இருப்பதால் மாமியாருக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன், டிசம்பர் விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் வந்துவிடும்.

எந்தத் தீவு? உங்களுக்கு நான் சொல்வது பங்கோர். ஈப்போ வழியாக லுமுட் போக இரண்டு மணி நேரம் போதும். ஜெட்டி பக்கத்தில் கட்டண நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு ஃபெரி ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் தீவு. அங்கே சுற்ற இளஞ்சிவப்பு வேன்கள் உண்டு, அவைதான் டாக்சி. ஏறுவதற்கு முன்பே விலை பேசிவிடுங்கள். பக்கம் என்பது இங்கே பெரிய விஷயம். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் அன்றைக்கே வீடு வந்து சேரலாம் என்ற தைரியம் இருந்தால்தான் முதல்முறை பிரிந்து போகும் அம்மாவுக்குத் தூக்கம் வரும்.

தெலுக் நிப்பா பக்கம் தங்குங்கள். சாயங்காலத்தில் இருவாச்சிப் பறவைகள் விடுதி வாசலுக்கே வரும். வேண்டுமானால் ஒரு காலைப் பொழுதில் 1670இல் கட்டிய டச்சுக் கோட்டையையும் கடலைப் பார்த்தபடி இருக்கும் பத்திரகாளியம்மன் கோயிலையும் பார்த்து வரலாம். ஆனால் மாசி மகத்தை ஒட்டிப் போகாதீர்கள். அப்போது அம்மனைப் பார்க்க ஊரே அங்கே இருக்கும். பார்க்க வேண்டிய இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு அலையவும் வேண்டாம், தூங்கத்தானே போகிறீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மலாக்கா நீரிணைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்காது. பவளப் பாறையும் மீன் கூட்டமும் பார்க்க ஆசை என்றால் கிழக்குக் கரையில் இருக்கும் பெர்ஹெந்தியான் தீவுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழையால் அங்கே பெரும்பாலான விடுதிகள் மூடிக்கிடக்கும். தவிர, கிரிக் தாண்டி ஜெலி வழியாகக் கோலா பெசுட் வரை காரோட்ட வேண்டும். காட்டு யானை கடக்கும் சாலை அது, இருட்டிய பிறகு வேண்டவே வேண்டாம். இரண்டு இரவுக்கு அவ்வளவு தூரம் எதற்கு? அதை மூன்று, நான்கு நாள் கிடைக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். லங்காவியும் அப்படித்தான்.

அறை பதிவு செய்யும்போது விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 8 விழுக்காடு சேவை வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 200 வெள்ளி அறை பில்லில் 235 வெள்ளியைத் தாண்டிவிடும். பள்ளிக் குழுவோ கம்பெனிக் கூட்டமோ அந்தத் தேதியில் தங்குகிறதா என்று போனிலேயே கேளுங்கள். பெரும்பாலான விடுதிகள் மறைக்காமல் சொல்லும். பசியாறல் எத்தனை மணி வரை என்பதையும் கேளுங்கள். பத்து மணிக்கு மூடினால், தூங்கப் போனவர்கள் அலாரம் வைத்து எழ வேண்டியிருக்கும்.

இனி வீட்டு விஷயம். மாமியாருக்கு ஒரு தாளில் ஸ்கூல் வேன் ஓட்டுநர் எண், காய்ச்சல் மருந்தின் அளவு, பெரியவனுக்கு எந்த நாள் விளையாட்டு உடை என்பதை எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். முடிந்தால் கணவருக்குக் காலை ஷிஃப்ட் வரும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது இரவில் மாமியார் தனியாக இருக்க வேண்டாம். கறி சமைத்து டப்பா டப்பாவாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் போவேன் என்றால், முதல் நாள் முழுக்க அந்தக் களைப்பிலேயே போய்விடும். கடைச் சாப்பாடு இரண்டு நாளில் யாரையும் ஒன்றும் செய்யாது. போன் ராத்திரி ஏழரைக்கு ஒருமுறை, அவ்வளவுதான். வீடியோ அழைப்பு வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஐந்து வயதுப் பிள்ளை அழும். நீங்களும் அழுவீர்கள். அக்கா இருவரையும் திட்டுவார்.

திரும்பும்போது மாமியாருக்கு பங்கோர் நெத்திலி வாங்குங்கள். நான்கு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் மைவியில் அந்த வாசனை அடுத்த சம்பள நாள் வரை இருக்கும்.