வே ரெபோவில் இடம் வாங்கலாமா?

கேள்வி: நானும் நண்பரும் ஜூலையில் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவுக்குப் போகிறோம். மலைமேல் இருக்கும் வே ரெபோ கிராமத்தில் ஒரு இரவு தங்க ஆசை. அங்கேயே ஐந்தாறு அறை உள்ள சின்ன விடுதி கட்டினால் நன்றாக ஓடும் என்கிறார் நண்பர். தீவின் மேற்கு முனையில் உள்ள லபுவான் பாஜோ நகரில் ஒரு தரகர், 'வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாது, உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கித் தருகிறேன், தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்' என்று முன்பணம் கேட்கிறார். எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், இந்த முதலீடு சரிப்படுமா? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு இந்தோனேசியச் சட்டம் ஒரு காரணம், அந்த ஊர் இன்னொரு காரணம். சட்டத்தை எந்த வழக்கறிஞரும் பத்து நிமிடத்தில் விளக்கிவிடுவார். ஊரைப் புரிந்துகொள்ளத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வே ரெபோ, ஃபுளோரஸின் மேற்குப் பகுதியில் மங்கராய் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் காடும் மலையும். நடுவே ஒரு புல்வெளி, அதில் வட்டமாக ஏழு கூம்பு வீடுகள். 'ம்பாரு நியாங்' என்று பெயர். கூரை தரைவரை இறங்கி நிற்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் சுவரே தெரியாது. பனைநாரும் புல்லும் வேய்ந்த கூரை, பிரம்பால் இறுக்கிக் கட்டிய மரச்சட்டம். ஆணி அடிப்பதில்லை. உள்ளே ஐந்து அடுக்கு. கீழ்த்தளத்தில் மனிதர்கள் வசிக்கிறார்கள். அதற்கு மேல் உணவும் சாமான்களும், அதற்கு மேல் விதைகள், அதற்கும் மேல் பஞ்ச காலத்துக்கான சேமிப்பு. உச்சியில் முன்னோருக்கான படையல். விதைக்கும் பஞ்சத்துக்கும் தனித்தனி அடுக்கு ஒதுக்கிய வீடு அது. எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

இந்த ஏழு வீடுகளும் ஒரு காலத்தில் நான்காகக் குறைந்துவிட்டன. 2008இல் ஜகார்த்தா கட்டடக் கலைஞர் யோரி அந்தாரும் அவரது குழுவும் அங்கே போனார்கள். அதன் பிறகு ஊர்க்காரர்களே, தங்கள் முறைப்படியே, வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். அந்த வேலைக்கு 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் உயர்ந்த விருது கிடைத்தது. கூட்டம் வர ஆரம்பித்தது அதன் பிறகுதான். உங்கள் நண்பரின் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கூட்டம். பழுதான வீட்டைக் கட்ட மரமும் ஆளும் ஊருக்குள்ளேயே இருந்ததால்தான் அந்தக் கூட்டமே வந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கியதும் விசா கிடைக்கும். 5 லட்சம் இந்தோனேசிய ரூபியா கட்டணம், 30 நாள், ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். சுற்றிப் பார்க்கவும் வியாபாரம் பற்றிப் பேசவும் அது போதும். அந்த விசாவில் அங்கே வேலை செய்யக்கூடாது, விடுதி நடத்துவதும் வேலைதான். பாலி போய் அங்கிருந்து லபுவான் பாஜோவுக்கு விமானம் பிடியுங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்வது அவசியம். ஃபுளோரஸின் கிழக்குக் கோடியில் லெவோதோபி எரிமலை இருக்கிறது. 2024 நவம்பரில் அது வெடித்தபோது சாம்பலால் லபுவான் பாஜோ விமானங்கள் மட்டுமல்ல, பாலி விமானங்களும் ரத்தாயின.

லபுவான் பாஜோவிலிருந்து ஒரே நாளில் மலையடிவாரம் போய்விடலாம், ஆனால் நான் ரூத்தெங் நகரில் ஒரு இரவு தங்கச் சொல்வேன். மலைப்பாதை நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் வளைந்து வளைந்து போகும். ரூத்தெங்குக்குக் கொஞ்சம் முன்னால் சஞ்சார் என்ற ஊரில் வண்டியை நிறுத்தி, பக்கத்துக் குன்றில் ஏறுங்கள். கீழே வயல்கள் சிலந்தி வலை மாதிரி விரிந்திருக்கும். படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள், நிலம் வாங்க நினைக்கும் உங்களுக்கு அந்தக் குன்றுதான் பாடம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தேவையான பணத்தை ரூத்தெங்கிலேயே எடுத்துவிடுங்கள், மேலே ஏடிஎம் கிடையாது. அங்கிருந்து டெங்கே கிராமத்துக்குக் காரில் சுமார் மூன்று மணி நேரம். டெங்கேயிலிருந்து வே லொம்பா வரை 'ஓஜெக்' எனப்படும் பைக்கில் போகலாம். அப்புறம் காட்டுப் பாதையில் நடை, இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். ஜூலை வறண்ட மாதம் என்பதால் நல்ல தேர்வு. நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் சேறும் அட்டையும் அதிகம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். பாதை தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் ஊருக்குள் முதல் வார்த்தை பேச உங்களுக்கு ஒருவர் வேண்டும்.

ஊருக்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் குடில் வரும். அங்கே தொங்கும் மூங்கில் தட்டையைத் தட்டி, ஆள் வருகிறது என்று ஊருக்குத் தெரிவிப்பார்கள். நேராக முதன்மை வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பெரியவர் முன் உட்காரவைப்பார்கள். அவர் மங்கராய் மொழியில் முன்னோரிடம் உங்களைப் பற்றிச் சொல்லி, உங்களுக்குப் பாதுகாப்புக் கேட்பார். 'வே லூஉ' என்ற சடங்கு அது. அது முடியும்வரை கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. நடுவில் 'சொம்பாங்' என்ற கல் மேடை உண்டு, அதன்மேல் ஏறவோ உட்காரவோ கூடாது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். ஊர்க்காரர்கள் கத்தோலிக்கர்கள், அதோடு முன்னோர் வழிபாடும் உயிரோடு இருக்கிறது. இரண்டும் மோதுவதில்லை.

விருந்தினருக்கென்று ஒரு கூம்பு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். வட்டமாகப் பாய் விரித்து எல்லோரும் வரிசையாகப் படுக்கவேண்டியதுதான், தனி அறை கிடையாது. சோறு, கீரை, கோழி என்று எளிய சாப்பாடு. இரவில் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். கோவிட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் சாப்பாட்டோடு ஒரு இரவுக்குத் தலைக்கு 3,25,000 ரூபியா வாங்கினார்கள், நம் கணக்கில் சுமார் 1,700 ரூபாய். அதைவிடக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். அந்தப் பணம் எந்தத் தனி முதலாளிக்கும் போவதில்லை. ஊரின் பொது அமைப்பு வாங்கி, சமைத்தவருக்கும் வழிகாட்டிக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் பிரித்துக் கொடுக்கிறது. உங்கள் விடுதி வந்தால் இந்த ஏற்பாட்டுக்குத்தான் போட்டியாக நிற்கும்.

இப்போது அந்தக் குன்றுக்குத் திரும்புவோம். நீங்கள் பார்க்கும் சிலந்தி வலையின் பெயர் 'லிங்கோ', ஊரின் பொது நிலம். நடுப்புள்ளி 'லோடோக்'. அங்கே ஒரு கம்பம் நட்டு, 'துஆ தெனோ' என்ற நிலப் பெரியவர் குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று பிரிப்பார். ஒவ்வொரு துண்டும் மையத்தில் குறுகித் தொடங்கி வெளியே போகப்போக அகலும். யார் துண்டு எந்தப் பக்கம் விரிந்தாலும் எல்லாத் துண்டும் ஒரே புள்ளியில் வந்து சேரும். ஊர் நடுவே வட்ட வீடுகள், வெளியே வட்ட வயல்கள். 'கெண்டாங் ஓனே, லிங்கோ பெஆங்' என்பது மங்கராய் முதுமொழி: முரசு உள்ளே, வயல் வெளியே. முரசு என்றால் அது தொங்கும் முதன்மை வீடு. அந்த வீட்டைச் சேராதவருக்கு வயல் இல்லை, வயல் இல்லாத வீடு ஊராகாது.

இந்த வட்டத்திலிருந்து ஒரு துண்டை உள்ளூர்க்காரர் ஒருவர் தன் பெயரில் உங்களுக்காக வாங்கித் தருகிறார் என்றால், அவர் விற்பது அவருடையது மட்டுமல்ல. அண்ணன் தம்பி, பங்காளி, பெண் எடுத்த வீடு, நிலப் பெரியவர் என்று எத்தனையோ பேருக்கு அதில் பேச்சு உண்டு. இன்று ஒருவர் கையெழுத்துப் போடுவார், நாலு வருடம் கழித்து வேறொரு கிளை வந்து கேட்கும். நம் ஊரில் கூட்டுக்குடும்பச் சொத்தை ஒரு மகன் மட்டும் விற்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டப்படி முழு உரிமை, அதாவது 'ஹாக் மிலிக்', இந்தோனேசியக் குடிமக்களுக்குத்தான். அதன் 26ஆம் பிரிவைத் தரகர் உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டார். நேராகவோ மறைமுகமாகவோ அந்நியர் கைக்கு முழு உரிமை போகும்படி செய்த பரிமாற்றம் செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. 'நிறுவனம் தொடங்கிப் பங்குகளை அவர் பெயரில் வைக்கலாம்' என்று அடுத்த யோசனை வந்தால், 2007ஆம் ஆண்டின் முதலீட்டுச் சட்டம் அந்தப் பினாமி ஒப்பந்தத்தையும் செல்லாது என்கிறது. ஆக, தரகர் சொல்லும் தனி ஒப்பந்தம் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது, நீங்கள் தவறு செய்ததற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியாகத்தான் நிற்கும்.

நேர்வழி உண்டு. 'பிடி பிஎம்ஏ' என்ற அந்நிய முதலீட்டு நிறுவனம் தொடங்கலாம். நிலத்தில் கட்டடம் கட்டி வைத்துக்கொள்ளும் உரிமையை அது பெறலாம்: 30 வருடம், 20 வருட நீட்டிப்பு, பிறகு 30 வருடப் புதுப்பிப்பு. ஆனால் முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் இருக்கவேண்டும், நம் பணத்தில் ஐந்து கோடிக்கு மேல். நிறுவனத்தில் செலுத்தவேண்டிய மூலதனத்தை 2025இல் 250 கோடி ரூபியாவாகக் குறைத்தார்கள், திட்டத்தின் மொத்த அளவைக் குறைக்கவில்லை. அந்நிய முதலீடு எதையும் பெருந்தொழிலாகவே கணக்கில் எடுப்பார்கள், சிறுதொழில் உள்ளூர்க்காரர்களுக்கு. ஐந்தாறு அறை விடுதி இந்தச் சட்டைக்குள் நுழையாது. அவ்வளவு பணமும் பொறுமையும் இருந்தால் லபுவான் பாஜோ நகரில், நிலப் பதிவு அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்த பிறகு யோசிக்கலாம். அங்கேயும் நிலத் தகராறுகள் நிறைய, விலையும் ஏறிக் கிடக்கிறது.

அப்படியானால் வே ரெபோவில் வெளியார் பணத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. ஊர் முற்றத்தில் விரித்திருக்கும் பாய்களைப் பாருங்கள். காபிக் கொட்டை காய்ந்துகொண்டிருக்கும். பெண்கள் குனிந்து கையாலேயே புரட்டுவார்கள், கறுத்ததையும் உடைந்ததையும் விரலால் நகர்த்திப் பாயின் ஓரத்தில் சேர்ப்பார்கள். மேகம் இறங்கினால் பாயைச் சுருட்டிக்கொண்டு கூரைக்குள் ஓடவேண்டும். வெயில் திரும்பினால் மறுபடி விரிப்பு. அந்த உயரத்தில் மேகம் எந்நேரமும் இறங்கும் என்பதால் ஒரு நாளில் எத்தனை முறை இப்படி என்று சொல்ல முடியாது. பாதி காய்ந்த கொட்டை ஈரம் ஏறிக் கெடுவதுதான் இங்கே நஷ்டம். அதன் பிறகு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அதே காட்டுப் பாதையில் இறங்கவேண்டும், வேறு வழி கிடையாது.

நிழல் காயவைப்புக் கூடம், உலர்ந்த கொட்டைக்கு ஈரம் புகாத பை, அறுவடைக்கு முன்பே பேசிக்கொண்ட விலை என்ற மூன்றுக்கும் பெரிய பணம் தேவையில்லை, நிலமும் தேவையில்லை. ஊர் அமைப்போடு பேசி, ஒரு பருவத்துக்கு இவ்வளவு கிலோ, இந்தத் தரம், இந்த விலை என்று எழுதிக்கொள்ளலாம். இந்தியாவுக்குக் கொண்டுவருவதில் சுங்க வரி கனம், நோயும் பூச்சியும் வராமல் தடுக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதியும், எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமமும் வேண்டும். அதனால் பாலியிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் காபி வறுப்பாளர்களுக்கு விற்றுக்கொடுப்பது தொடக்கத்துக்கு எளிது, அதற்கும் அங்கே பதிவு பெற்ற ஏற்றுமதியாளர் ஒருவர் துணை வேண்டும். பெண்கள் நெய்யும் துணிக்கும் இதே வழி பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. மரநாய் தின்று கழித்த கொட்டையில் செய்யும் 'லுவாக்' காபி நல்ல விலை போகும், கூண்டில் வளர்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஊரில் வாயே திறக்காதீர்கள். வே ரெபோ மக்கள் மரநாயைக் கொல்வதில்லை, உண்பதில்லை. சுமத்ராவின் மினாங்கபாவிலிருந்து வந்ததாக அவர்கள் சொல்லும் மூதாதை எம்போ மாரோவின் கதையோடு அந்த விலக்கு சேர்ந்தது.

ஜூலையில் நீங்கள் போகும்போது அறுவடை நடந்துகொண்டிருக்கும். முதல் நாள் எதையும் பேசவேண்டாம், விருந்தாளியாக இருங்கள். மறுநாள் காலை வழிகாட்டியிடம் சொல்லி, 'துஆ கோலோ' என்ற ஊர்ப் பெரியவரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். 'உங்கள் காபியில் எது கெட்டுப்போகிறது, ஏன்?' என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்கள் சொல்லும் விலைக்கே ஐந்து கிலோ வறுக்காத கொட்டை வாங்கி, பாலிக்குத் திரும்பியதும் நல்ல வறுப்பாளர் ஒருவரிடம் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பதிலைத் தெரிந்துகொண்டு எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.