அறிமுகப் பக்கத்தில் குதிரையேற்றத்தையும் எழுதலாமா?

வணக்கம். தனித்து இயங்கும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆலோசகராகிய நீங்கள், அறிமுகப் பக்கத்தில் குதிரையேற்ற ஆர்வத்தைச் சேர்த்தால் மதுரை வணிகர்கள் உங்களை விளையாட்டுப்பிள்ளை என்று எண்ணிவிடுவார்களோ எனக் கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சேர்த்துவிடுங்கள், அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும் ஊரில் குதிரை யாருக்கும் அந்நியமன்று.

ஆனால் அது முதலில் வர வேண்டாம். சுங்குடிச் சேலை விற்கும் கடைக்காரர் உங்கள் பக்கத்தைத் திறந்தால், இதற்கு முன் எத்தகைய கடைகளுக்கு என்ன செய்து கொடுத்தீர்கள் என்பதையே தேடுவார். அடுத்து உங்கள் கொள்கைகள். நேர்மை என்ற சொல்லை எல்லோரும் எழுதுகிறார்கள்; நீங்களோ, விளம்பரக் கணக்கை வாடிக்கையாளர் பெயரிலேயே தொடங்கித் தருவேன் என்றும், தேடலில் முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர இயலாது என்று கூகுள் நிறுவனமே சொல்லியிருப்பதால் நானும் அவ்வாறு வாக்களிப்பதில்லை என்றும் எழுதுங்கள். இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

குதிரையைப் பற்றி இரண்டு வரிகள் போதும். ஆனால் "குதிரையேற்றம் பிடிக்கும்" என்று மொட்டையாக முடித்துவிடாதீர்கள். கடிவாள வாரைச் சற்று இறுக்கினாலே குதிரையின் காது பின்னால் திரும்புவதையும், அதைக் கண்டு கையைத் தளர்த்தக் கற்றுக்கொண்டதையும் எழுதினால், உங்கள் பொறுமை படிப்பவருக்குத் தானே புலப்படும். வரைவை எழுதி இங்கே இடுங்கள், படித்துச் சொல்கிறேன்.