ஐந்து சென்டிமீட்டர் யார் போட்ட கணக்கு? மிலான் அளவுகோல் பற்றிக் கேள்வி பதில்

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக் குழு ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். "மிலானுக்குள் இருக்கிறது", "மிலானைத் தாண்டிவிட்டது" என்று ஏதாவது ஒரு குடும்பத்திடம் சொல்லாத வாரம் கிடையாது. ஈரலில் தோன்றிய புற்றுக்கு யாருக்கு ஈரல் மாற்றலாம் என்று சொல்லும் அந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் மிலான் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் அறுவை மருத்துவர் வின்சென்சோ மாட்சாஃபெர்ரோ. அவருடைய ஆய்வுகளைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாருடைய ஸ்கேன் அறிக்கைக்கும் இங்கே முடிவு சொல்ல மாட்டேன். படத்தைப் பார்க்காமல், ஆளைப் பார்க்காமல் சொல்வது தவறு.

கேள்வி (திருச்சி): மிலான் அளவுகோல் என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டு மூன்று கட்டிகள் என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். பெரிய ரத்தக்குழாய்க்குள் புற்று நுழைந்திருக்கக் கூடாது, ஈரலை விட்டு வெளியே போயிருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மதிப்பு புரிய வேண்டுமென்றால் அதற்கு முந்தைய காலத்தைப் பார்க்க வேண்டும். 1980களில் வெட்டி எடுக்கவே முடியாத பெரிய புற்றுகளுக்குத்தான் ஈரலை மாற்றினார்கள். மாற்றிய ஈரலை உடல் ஒதுக்காமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கிறோம். உடம்பில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்த புற்றணுக்களுக்கு அது வசதியாகப் போய்விடும். பல பேருக்குப் புற்று திரும்பியது. புற்றுக்கு ஈரல் மாற்றுவதே வீண் என்று பல இடங்களில் கைவிட்டார்கள். சின்னக் கட்டிகளில் முடிவு நன்றாக இருப்பதை 1993இல் பாரிஸின் ஆன்ரி பிஸ்முத் குழு காட்டியது. மாட்சாஃபெர்ரோ அதையே முன்கூட்டி வகுத்த விதியாக்கி, சிரோசிஸும் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) சின்னப் புற்றும் உள்ள 48 பேருக்கு மட்டும் ஈரலை மாற்றி, 1996இல் முடிவை வெளியிட்டார். நான்கு ஆண்டுகளில் 75 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். புற்று இல்லாத ஒருவர் ஈரல் மாற்றிக்கொண்டால் என்ன பலன் கிடைக்குமோ, ஏறக்குறைய அதே பலன்.

அந்தக் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. வெளியே எடுத்த ஈரல்களை வெட்டிப் பார்த்தபோது 48 பேரில் 13 பேருக்கு உண்மையில் அளவு தாண்டியிருந்தது, அதாவது ஸ்கேன் குறைத்துக் காட்டியிருந்தது. அளவுக்குள் இருந்த 35 பேரில் நான்காண்டு உயிர்வாழ்வு 85 சதவீதம், தாண்டியவர்களில் 50.

பயிற்சிக் காலத்தில் நோய்க்கூறியல் மேசை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஈரலை ரொட்டி நறுக்குவது போல ஒரு செ.மீ. தடிமனில் வரிசையாக நறுக்கி வைப்பார்கள். சிரோசிஸ் ஈரல் முழுக்கக் குருணை குருணையாக இருக்கும். அதற்கு நடுவில் லேசாகப் பச்சை ஏறிய ஒரு முடிச்சு, பித்தநீரின் நிறம் அது. ஸ்கேன் ஒரு கட்டி என்றது. ஏழாவது துண்டில் இன்னொன்று மிளகு அளவில் இருந்தது. அன்றிலிருந்து "ஸ்கேன்படி" என்ற சொல்லைச் சேர்க்காமல் எந்தக் குடும்பத்திடமும் அளவு சொன்னதில்லை.

கேள்வி (மருத்துவ மாணவர்): வெறும் 48 பேர், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. இதை வைத்தா உலகம் முழுக்க விதி போட்டார்கள்?

நல்ல கேள்வி தம்பி. அந்த ஒரு கட்டுரையை மட்டும் நம்பிப் போடவில்லை. பிறகு பல நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோதும் அதே மாதிரியான முடிவுதான் வந்தது. 2002இல் அமெரிக்கா ஈரல் காத்திருப்போர் வரிசையைப் புதிய புள்ளிக் கணக்குக்கு மாற்றியபோது, புற்று நோயாளிக்குக் கூடுதல் புள்ளி கொடுக்க மிலானைத்தான் எல்லையாக எடுத்துக்கொண்டது.

கேள்வி (மதுரை): மாமாவுக்கு 6.2 செ.மீ. கட்டி. அளவு தாண்டிவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். இனி வழியே இல்லையா?

உங்கள் மாமாவுக்கு எது சரி என்று இங்கே சொல்ல முடியாது. ஆனால் "தாண்டிவிட்டது" என்பதும் "வழியே இல்லை" என்பதும் ஒன்றல்ல. அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): கட்டியைச் சுருக்கி, பிறகு ஈரல் மாற்றுவது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான், அதற்கும் ஆதாரம் கொடுத்தவர் மாட்சாஃபெர்ரோதான். தன் எல்லையைத் தானே சோதித்துப் பார்த்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

2020இல் அவர் குழு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. மிலானைத் தாண்டியவர்கள், ஆனால் பெரிய ரத்தக்குழாயில் புற்று நுழையாதவர்கள். முதலில் கட்டிக்குப் போகும் ரத்தத்தை மருந்தோடு அடைப்பது, ஊசி குத்திச் சூட்டில் எரிப்பது, வெட்டி எடுப்பது என எது பொருந்துமோ அதைச் செய்தார்கள். பலன் தெரிந்தவர்களைச் சில மாதங்கள் கண்காணித்து, பிறகு குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஈரல் மாற்று, மறுபாதிக்கு மற்ற சிகிச்சைகள். பிரித்தது 45 பேரைத்தான். ஐந்து ஆண்டுகளில் மாற்றிக்கொண்டவர்களில் 77.5 சதவீதம் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் 31.2.

கவனியுங்கள்: எல்லாருக்கும் சுருங்காது. சுருங்கியவர்களைத்தான் பிரித்தார்கள். சிகிச்சைக்குக் கட்டி எப்படிப் பதில் சொல்கிறது என்பதே ஒரு பரிசோதனை. பொறுத்துப் பார்க்கச் சொல்லும் டாக்டர் தட்டிக்கழிக்கிறார் என்று உடனே நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): பயாப்ஸி எடுத்தால் புற்று பரவும் என்கிறார்களே?

ஊசி போன வழியில் பரவும் ஆபத்து உண்டு, ஆனால் குறைவு. சிரோசிஸ் உள்ளவருக்குச் சிடியிலோ எம்ஆர்ஐயிலோ கட்டியின் போக்கு தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயாப்ஸியே தேவைப்படாது.

கேள்வி (கோவை): பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவியிருக்கிறது. மிலான் கணக்கு எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. இந்தக் குழப்பம் வாரம் ஒருமுறையாவது வருகிறது. ஈரலிலேயே பிறந்த புற்று வேறு, குடலில் பிறந்து ஈரலுக்கு வந்த புற்று வேறு. மிலான் முதல் வகைக்கு மட்டும். குடலிலிருந்து வந்ததற்கு முதல் வழி கீமோவும் வெட்டி எடுப்பதும். வெட்டவே முடியாத, குடல் கட்டி முழுதாக அகற்றப்பட்ட, கீமோவுக்கு நன்றாக அடங்கிய சிலருக்கு ஈரல் மாற்றும் உதவும் என்று 2024இல் வெளியான ஐரோப்பியச் சோதனை காட்டியது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 56.6 சதவீதம், கீமோ மட்டும் எடுத்தவர்களில் 12.6. மிகக் கண்டிப்பாகத் தேர்ந்தெடுத்த ஆட்கள் அவர்கள்.

நரம்பு நாளமில்லாச் சுரப்பி (நியூரோஎண்டோகிரைன்) அணுக்களில் தோன்றி ஈரலுக்கு வரும் இன்னொரு வகை உண்டு, மெதுவாக வளரும். அதற்கு யாருக்கு ஈரல் மாற்றலாம் என்று தனி விதி வகுத்தவரும் மாட்சாஃபெர்ரோதான்.

கேள்வி (நாமக்கல்): கீழாநெல்லி குடித்தால் கட்டி கரையுமா?

கரையாது. மூன்று மாதம் அதைக் குடித்துவிட்டு வருபவரின் கட்டி அந்த மூன்று மாதமும் வளர்ந்திருக்கும்.

கேள்வி (சேலம்): அப்பாவுக்கு நான்கு கட்டிகள், பெரியது 4 செ.மீ. தம்பி ஈரல் தருகிறேன் என்கிறான். வரிசையில் இருக்கும் யாருடைய ஈரலையும் நாங்கள் பிடுங்கவில்லை. எங்கள் வீட்டு ஈரலுக்கு எதற்கு மிலான்?

இந்தக் கேள்விக்குத்தான் இன்று அதிக நேரம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் நியாயமான கேள்வி. மூளைச்சாவு அடைந்தவரின் ஈரல் ஊர்ப் பொதுச்சொத்து மாதிரி. இவருக்குக் கொடுத்தால் வரிசையில் அடுத்தவருக்கு இல்லை. கண்டிப்பு அங்கிருந்து வந்தது. இந்தியாவில் பெரும்பாலும் உயிரோடு இருப்பவர் கொடுக்கும் ஈரல்தான் மாற்றப்படுகிறது, ஜப்பானிலும் அப்படித்தான். அதனால் ஜப்பானில் எல்லையைத் தள்ளி வைத்தார்கள்: 5 கட்டிகளுக்குள், 5 செ.மீ.க்குள், ரத்தத்தில் ஏஎஃப்பி (ஈரல் புற்றில் பெரும்பாலும் கூடும் ஒரு புரதம்) 500க்குள். மாட்சாஃபெர்ரோவும் 2009இல் 1,556 பேரின் தகவலை வைத்து, கட்டிகளின் எண்ணிக்கையையும் பெரிய கட்டியின் செ.மீ. அளவையும் கூட்டினால் 7ஐத் தாண்டக் கூடாது என்று தளர்த்தினார். 2018இல் ஏஎஃப்பியையும் சேர்த்தார்: 200க்குக் கீழ் என்றால் கூட்டல் 7 வரை, 400 வரை 5, 1000 வரை 4. ஆக, தளர்த்தலாம். ஆனால் எல்லையே வேண்டாம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

(அதே சேலம் வாசகர்): தம்பி பெரியவன், முடிவு அவனுடையது. நீங்கள் யார் தடுக்க?

தம்பியின் முடிவைத் தடுக்கவில்லை. ஆனால் கத்தியை வைப்பது நான். நோயே இல்லாத ஓர் ஆளின் வயிற்றைத் திறந்து ஈரலில் பாதிக்கு மேல் எடுக்கிறோம். வலது மடல் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை இறக்கலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம். அப்பாவுக்கு ஐந்து ஆண்டு வாழ நல்ல வாய்ப்பு இருந்தால் அந்த ஆபத்துக்கு அர்த்தம் உண்டு. எட்டு மாதத்தில் நுரையீரலில் புற்று முளைத்தால், அந்தத் தம்பி வயிற்றில் தழும்போடு அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அப்படி உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, மாற்றிய ஈரல் முதல் வாரத்தில் வேலை செய்யாமல் போனால் அவசரமாக வேறு ஈரல் தேட வேண்டும். அப்போது பொது வரிசைக்குத்தான் போகிறோம். அதனால் "எங்கள் வீட்டு ஈரல்" என்பது முழு உண்மை இல்லை.

(தஞ்சாவூர்): சேலத்துக்காரர் தம்பி என்கிறார். எங்கள் வீட்டில் என்னைக் கேட்டார்கள், மருமகள் நான். "முடியாது" என்று சொல்ல வாய் வரவில்லை. விதி கண்டிப்பாக இருப்பதே எங்களுக்குப் பாதுகாப்பு.

எழுதியதற்கு நன்றி அம்மா. ஈரல் கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். தாய், மனைவி, மகள். வீட்டார் யாரும் இல்லாமல் கொடையாளரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று எங்கள் குழுவில் வைத்திருப்பது இதனால்தான். அங்கே "பயமாக இருக்கிறது" என்று ஒரு சொல் வந்தால் போதும். "உங்கள் ஈரல் பொருந்தவில்லை" என்று மட்டும் வீட்டாரிடம் சொல்வோம், காரணம் வெளியே போகாது.

கேள்வி (வேலூர்): 7 செ.மீ. கட்டிக்கு...

கேள்வி (தூத்துக்குடி): 5.5 செ.மீ. என்றால்...

இருவருக்கும் சிங்கப்பூர்க்காரருக்குச் சொன்ன பதிலே.

கேள்வி (பாண்டிச்சேரி): பித்தப்பைக் கல்லை எடுக்க வேண்டுமா?

இன்றைய பொருள் அதில்லை. பக்கத்து அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (விருதுநகர்): ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். எந்தத் தொந்தரவும் இல்லை. எதற்குச் செலவு செய்து ஸ்கேன் எடுக்க வேண்டும்?

தொந்தரவு வந்த பிறகு எடுத்தால் பெரும்பாலும் மிலானைத் தாண்டியிருக்கும். ஈரல் மருத்துவரைப் பாருங்கள். கண்காணிப்புத் தேவை என்று அவர் சொன்னால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட். சிரோசிஸ் உள்ள எல்லாருக்கும் இது உண்டு. மேலே 6.2, 7, 5.5 என்று எழுதியவர்களின் வீடுகளில் இந்த ஸ்கேன் ஒழுங்காக நடந்திருந்தால் பலருக்கு 2 செ.மீ.யிலேயே கண்ணில் பட்டிருக்கும். அந்த அளவில் பலருக்கு ஊசி வைத்து எரித்தே முடித்துவிடலாம், ஈரல் மாற்றும் பேச்சே வராமல் போகலாம்.

(சேலம், மறுபடியும்): சரி டாக்டர். கோபத்தில் கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

கோபம் நியாயமானது, மன்னிப்பு வேண்டாம். இவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை கட்டி, பெரியது எவ்வளவு, ஏஎஃப்பி எவ்வளவு, பெரிய ரத்தக்குழாயில் ஏதாவது தெரிகிறதா. நீங்கள் எழுதியபடி கூட்டினால் 8 வருகிறது, அதனால் சுருக்கும் சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கிறதா, எத்தனை மாதம் பார்ப்பீர்கள் என்றும் கேளுங்கள். அப்புறம், தம்பியைத் தனியாக உள்ளே அனுப்புங்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள்.