'வாஅ' என்று இழுப்பது எப்படி?

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகள் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறாள். வாட்ஸாப்பில் நான் நாலு வரி எழுதினால் 'ம்' என்கிறாள். சில நாள் 'ஆய்து' என்று கன்னடத்தில் முடித்துவிடுகிறாள். கோபமா, அலட்சியமா? இன்னொன்று: 'வா'வை இழுப்பதற்காகத் துணைக்காலைத் திரும்ப அடித்தால் போனில் புள்ளி வட்டம் வருகிறதே, ஏன்?

ஒரு வாசகர், அல்சூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வட்டம். துணைக்கால் தனியாக நிற்காது, ஓர் எழுத்தை ஒட்டித்தான் நிற்கும். முதல் கால் 'வ'வைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவதற்குப் பிடிக்க எழுத்தில்லை. போன் ஒரு வெற்று வட்டத்தை வரைந்து அதில் மாட்டிவிடுகிறது.

இதற்கு வழி அளபெடை. நெடிலுக்குப் பின் அதன் இனக் குறிலை அடியுங்கள்: வாஅஅ, ஏன்டீஇஇ, போஒஒ. ஐகாரத்துக்கு இகரம்: இல்லைஇஇ. சொல் குறிலில் முடிந்தால் முதலில் அதை நெடிலாக்க வேண்டும். குறள் 15இல் 'கெடுப்பதும்' 'கெடுப்பதூஉம்' ஆனது அப்படித்தான். 'சரி'யும் 'சரீஇ' ஆகும். வள்ளுவர் ஓசைக்கு நீட்டினார், நீங்கள் கெஞ்சலுக்கு நீட்டுகிறீர்கள்! மெய்யையும் நீட்டலாம், ஆனால் நன்னூல் ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள, ஆய்தம் என்ற 11க்குத்தான் இடம் தருகிறது. ர் அதில் இல்லை. 'சூப்பர்ர்ர்' என்பதைவிட 'சூஉஉப்பர்' காதில் நன்றாக விழும்.

ம் அந்தப் பட்டியலில் உண்டு. கேள்விக்கு வரும் 'ம்' ஆமாம். நீங்கள் கதை சொல்லும்போது வந்தால் 'கேட்கிறேன், சொல்லுங்க'. 'ம்ம்' இன்னும் இளக்கம், 'ம்ஹூம்' மறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வா என்றதற்கு ஒற்றை 'ம்' வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒப்புக்கொண்டாளா, படித்துவிட்டேன் என்கிறாளா என்று அதில் தெரியாது. 'வர்றியா, இல்லையா' என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

'ஆய்து' என்பது நம் 'ஆச்சு, சரி'தான். பெங்களூரில் நாளெல்லாம் வாயில் புரளும் சொல்.

கோபம் தெரியும் இடம் வேறு. 'சரி மாமா' என்று எழுதுகிறவள் 'மாமா'வை விட்டுவிட்டு 'சரி' என்று மட்டும் எழுதி, ஒரு முற்றுப்புள்ளியும் வைத்திருந்தால் ஏதோ இருக்கிறது. அனுப்பியதுமே செய்தி முடிந்துவிடுவதால் அரட்டையில் புள்ளிக்கு வேலையில்லை. வேலையில்லாத இடத்தில் அது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவே இளையவர்கள் படிக்கிறார்கள். கடிதம் எழுதிப் பழகியவர்கள் எல்லா வரிக்கும் புள்ளி வைப்பார்கள், அவர்களிடம் இந்தக் கணக்கு பொருந்தாது. நீங்களும் அந்தக் கட்சியானால், 'வீட்டுக்கு வா.' என்று அனுப்பும்போது அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு ஓர் அகரத்தைச் சேருங்கள்.