பதில்: மலேசியாவுல ஷேர் நஷ்டத்த பிஇ ஃபார்ம்ல (சம்பளக்காரங்க வருமான வரி ஃபார்ம்) எந்த கட்டத்துல போடுறது?

எங்கயும் போட வேணாம் ப்ரோ. பர்சா (மலேசிய பங்குச்சந்தை) ஷேர வித்து உங்களுக்கு வந்த 6,200 வெள்ளி (ரிங்கிட்) நஷ்டத்துக்கு பிஇ ஃபார்ம்ல கட்டமே கிடையாது, சம்பளத்துல கழிக்கவும் முடியாது. தனி ஆளுக்கு அந்த லாபத்துக்கு வரி இல்ல, அதனால நஷ்டத்துக்கும் சலுகை இல்ல.

நஷ்டத்துல 3,000 டாலர் வரைக்கும் சம்பளத்துல கழிக்கலாம், ஷெட்யூல் டி ஃபார்ம்ல காட்டணும்னு நீங்க கேள்வியில எழுதுனது அமெரிக்க சட்டம், ஏதோ யூடியூப் வீடியோ பாத்து கொழம்பியிருப்பீங்க. 2024 மார்ச் 1-ல வந்த மூலதன ஆதாய வரி கம்பெனி, எல்எல்பி (ஒரு வகை கூட்டு நிறுவனம்) மாதிரி ஆளுங்க, பங்குச்சந்தையில லிஸ்ட் ஆகாத ஷேர விக்கிறப்ப கட்டுறது, நமக்கில்ல.

ஒன்னு மட்டும் செக் பண்ணுங்க. ப்ரோக்கர் ஸ்டேட்மெண்ட்ட தொறந்து வருஷத்துல எத்தன தடவ வாங்கி வித்தீங்கனு எண்ணுங்க. நாலஞ்சுனா கவலையில்ல. டெய்லி வாங்கி அன்னிக்கே வித்து, மார்ஜின் கடன் (ஷேர் வாங்கவே எடுக்குற கடன்) வேற எடுத்திருந்தா எல்எச்டிஎன் (மலேசிய வருமான வரி வாரியம்) அத பிசினஸ்னு எடுத்துக்க சான்ஸ் இருக்கு, அப்ப ஃபார்ம் பி (பிசினஸ் வருமானம் உள்ளவங்க ஃபார்ம்), லாபத்துக்கு வரி. நஷ்ட வருஷம் 'ட்ரேடர்', லாப வருஷம் 'முதலீட்டாளர்'னு மாத்தி மாத்தி சொன்னா எடுபடாது லா.

காண்ட்ராக்ட் நோட்ட (வாங்குனதுக்கும் வித்ததுக்கும் ப்ரோக்கர் தர்ற ரசீது) 7 வருஷம் வைங்க. என்னோடது பழைய மைலோ டின்ல இருக்கு, வீட்டுல ஒரே கிண்டல்.

செந்தூல் வீட்ட விக்கப்போறதா சொன்னீங்களே, அது ஆர்பிஜிடி (வீடு, நிலம் வித்த லாபத்துக்கான வரி), வேற கணக்கு. குடிமக்களுக்கு, வாங்குன 3 வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துல 30%, 4-வது வருஷம் 20%, 5-வது 15%, 6-லேர்ந்து 0. ஷேர் நஷ்டத்த அதுல கழிக்க விடமாட்டாங்க.